கவர் எடுத்துக் கொடுத்தவள்

டாக்டருக்கு வாக்கப்பட்டவளுக்கு ஆறிப்போன சோறு மட்டும்தான் கஷ்டம். ஆராய்ச்சி செய்கிற டாக்டருக்கு வாக்கப்பட்டால் அதோடு சம்பளமில்லாத உத்தியோகம் ஒன்றும் சேர்ந்துகொள்ளும். என்னைப்போல் மாட்டிக்கொண்ட சகோதரிகள் இதைப் படித்துத் தலையாட்டுவீர்கள். மற்றவர்கள், உங்கள் வீட்டுக்காரர் பாங்கில் வேலை பார்ப்பதற்காகப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு மேலே படிக்கலாம்.

என் வீட்டுக்காரர் மதுரையில் நெஞ்சு டாக்டர். நுரையீரலில் வரும் புற்றுநோய், நுரையீரலைச் சுற்றியிருக்கும் உறையில் வரும் புற்றுநோய், இந்த இரண்டுக்கும் ஒரு புது மருந்து உதவுமா என்று பார்ப்பதிலேயே எழுபதுகளின் கடைசியிலிருந்து அவர் காலம் கழிந்தது. ஞாயிறுதோறும் ரயிலேறி சங்கரன்கோவிலுக்கு வந்து, எங்கள் வீட்டு முன்னறையில் இந்தப் பக்கத்து நோயாளிகளைப் பார்ப்பார். அந்த ஆராய்ச்சியில் எனக்கும் ஒரு வேலை இருந்தது. அவருடைய சொந்த அண்ணனுக்கு மருந்து உண்டா இல்லையா என்பதுகூடக் கடைசியில் என் கை வழியாகத்தான் போயிற்று. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் போகிற வழியில் வருவது.

பீரோ சாவி

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கினார். அல்வாவாக இருக்கும் என்று நினைத்தேன். திறந்தால் ஒட்டிய கவர்கள். ஒவ்வொன்றின் மேலும் வரிசை எண். உள்ளே ஒரு சீட்டு; அதில் 'மருந்து உண்டு' என்றிருக்கும், அல்லது 'மருந்து இல்லை' என்றிருக்கும். நெஞ்சில் சேரும் நீரை எடுப்பது, கதிர்வீச்சு வைப்பது, வலிக்கு மாத்திரை, இதெல்லாம் எல்லாருக்கும் பொது. புது மருந்து மட்டும் பாதிப்பேருக்குத்தான். அப்போதுதான் மருந்து நிஜமாகவே வேலை செய்கிறதா என்று தெரியுமாம். யாருக்கு எது என்று டாக்டர் முடிவு செய்யக்கூடாது. ஆள் வந்தால் அடுத்த எண் கவரை எடுத்துப் பிரிக்க வேண்டும், அவ்வளவுதான். முன்பின் மாற்றினால் ஆராய்ச்சி பாழ். வெளிநாட்டு மருந்து, சீட்டில் 'உண்டு' என்று இல்லாவிட்டால் ஜில்லா கலெக்டர் வந்து கேட்டாலும் கிடைக்காது.

பெட்டியை என் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை என்னிடமே நீட்டினார். நான் கன்னியாஸ்திரீகளின் போர்டிங்கில் வளர்ந்தவள். சாப்பாட்டு வரிசையில் முந்தினால் முழங்கால் போட வைப்பார்கள். வரிசை என்பது எனக்கு ரத்தத்தில் ஊறியது. அந்தத் தகுதிக்காகத்தான் கொடுக்கிறார் என்று பெருமைப்பட்டுக்கொண்டு, ஏன் என்னிடம் என்று கேட்டேன். "என் கையில இருந்தா இரக்கப்பட்டுருவேன்," என்றார். "உனக்கு அந்தப் பழக்கம் கிடையாதே."

தெரியாது என்ற டாக்டர்

இரண்டு வழியில் எது நல்லது என்று எங்களுக்கே தெரியாது, அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த ஏற்பாடு என்று அவர் ஒவ்வொரு நோயாளியிடமும் ஒளிக்காமல் சொல்லுவார். இந்த ஜில்லாவில் அதற்கு முன் எந்த டாக்டரும் தெரியாது என்ற வார்த்தையைச் சொன்னதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. ராயகிரியிலிருந்து வந்த ஒரு சம்சாரி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "ஐயா, உங்களுக்கே தெரியாதுன்னா நாங்க எதுக்கு பஸ் ஏறி வரணும்? தெரியாதுன்னு சொல்லுததுக்கு எங்க ஊர்லயே ஆள் இருக்கே."

சிவப்பும் வெள்ளையும்

அந்த ராயகிரிக்காரரை வாசல்படியிலிருந்து திருப்பி அழைத்து வந்தது அவர் பெண்டாட்டி. பெயர் மாடத்தி. டாக்டர் அரை மணி நேரம் விளக்கியது அவளுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. "பூக்கட்டிப் பாக்கச் சொல்லுதாவ, அவ்வளவுதான," என்றாள். பொண்ணு கொடுக்கவா, கிணறு வெட்டவா, கேஸ் போடவா என்று எதற்கும் இந்த ஊரில் கோமதியம்மன் சந்நிதியில் பூக்கட்டிப் பார்ப்பார்கள். சிவப்புப் பூவை ஒரு இலையிலும் வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் மடித்து அம்மன் முன்னால் போட்டு ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் சரி. சிவப்பு வந்தால் அந்தக் காரியம் வேண்டாம். அம்மனுக்குப் பதில் டாக்டர், இலைக்குப் பதில் கவர். அன்றிலிருந்து யாரும் எழுந்து போகவில்லை. என் வீட்டுக்காரரின் ஆராய்ச்சி இந்த ஊரில் காலூன்றியது மாடத்தியால்தான். அவர் எழுதிய எந்தக் கட்டுரையிலும் அவள் பெயர் கிடையாது.

ஆனால் ஒரு சனியன் கூடவே வந்தது. அந்த மருந்து இயற்கையிலேயே சிவப்பு. பாட்டிலில் தொங்கும்போது ரோஸ்மில்க் மாதிரி இருக்கும். ஆகவே 'மருந்து உண்டு' என்றால் சிவப்பு விழுந்துவிட்டது, ஆகாது. 'மருந்து இல்லை' என்றால் வெள்ளை. வருகிற வழியெல்லாம் வெள்ளை விழ வேண்டும் என்று நேர்ந்துகொண்டு வந்தார்கள். மாடத்தி புருஷனுக்கு மருந்து இல்லை என்று வந்தது. அவள் என் காலில் விழப்போனாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மருந்து கிடைக்கவில்லை என்பதற்கா இந்தச் சந்தோஷம் என்று கேட்டேன். "பொறவு? மருந்து வேண்டாம்னு விழுந்தா நோவு லேசுன்னுதான அர்த்தம்," என்றாள் மாடத்தி. "நீங்க படிச்சவிய, உங்களுக்கு நான் சொல்லணுமா?"

ஆள் இருக்காரா

மாதம் தவறாமல் வர வேண்டியவர்கள் சிலர் வராமல் போவார்கள். அவர்கள் இருக்கிறார்களா, போய்விட்டார்களா என்று பார்த்து வருவதும் என் தலையில். ஒரு வீட்டு வாசலில் நின்று உங்கள் புருஷன் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள், தெரியும். நான் தெருமுனையிலேயே கண்ணை ஓட்டக் கற்றுக்கொண்டேன். வாசலில் கோலம் உண்டா, கொடியில் வேட்டி காய்கிறதா, கதவைத் திறப்பவள் நெற்றி எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, அப்புறம்தான் வாயைத் திறப்பேன்.

விசைத்தறித் தெருவில் ஒரு வீடு. தறிச் சத்தத்தில் காது கிழிந்தது. கொடியில் வேட்டி காய்ந்தது. சரி, ஆள் இருக்கிறார் என்று துணிந்து, "அண்ணாச்சி எங்கன?" என்று கேட்டுவிட்டேன். வேட்டி மகனுடையது. அந்த அம்மாள் தறியை நிறுத்தவில்லை. முகத்தை மட்டும் திருப்பிச் சொன்னாள்: "முந்தாநேத்து வந்திருந்தா பாத்திருக்கலாம். பரவால்ல, உக்காருங்க. காப்பி குடிச்சிட்டுப் போவலாம்."

மொட்டை

பஸ் ஸ்டாண்டு பக்கம் சலூன் வைத்திருந்தவர் ஒருவர். ஓயாத பீடி. அவருக்கு மருந்து உண்டு என்று வந்தது. சிவப்புப் பாட்டில் இறங்கினால் சோறு இறங்காது, வாய் வெந்துபோகும், முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். இரண்டாவது தடவை மதுரையிலிருந்து திரும்பி வந்தபோது அவர் தலையில் ஒன்றும் இல்லை, புருவம்கூட இல்லை. அந்தத் தலையோடு சலூனில் உட்கார்ந்திருந்தால் யார் உள்ளே வருவார்கள்? கடையை மூடினார். இதைப் பார்த்த பிறகு எங்கள் வீட்டுக்கு வாழைத்தார் வர ஆரம்பித்தது, டாக்டரம்மா மனசு வைத்து வெள்ளைக் கவராக எடுத்துத் தர வேண்டும் என்று. வந்த தாரையெல்லாம் வந்த வழியே அனுப்பினேன். கவரை ஒட்டியது நானில்லை என்று தொண்டை வற்றச் சொன்னேன். நம்பியவர் யாருமில்லை; சலூன்காரரும் நம்பவில்லை. ஆனால் கோபமில்லாமல், தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "ஊருக்கெல்லாம் நான் மொட்ட போட்டேன். எனக்கு டாக்டரம்மா போட்டுட்டாவ. அதுவும் சாமிக்கு இல்ல, சும்மா."

தொழில் என்ன

கரிவலம்வந்தநல்லூரில் இருந்தார் என் வீட்டுக்காரரின் அண்ணன். எனக்குப் பெரியத்தான். இருபது வயதுக்குள் பம்பாய் போனவர். கப்பல் பழுது பார்க்கிற இடத்தில் பாய்லர் குழாய்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் என்கிற கல்நார் சுற்றுகிற வேலை. லீவில் வரும்போது பழைய பெட்டியிலிருந்து எடுக்கிற சட்டையில்கூட வெள்ளைப் பொடி உதிரும். வேலையை விட்டு ஊருக்கு வந்து, இருக்கிற வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்குகிறது, வலது பக்கம் பாறாங்கல் வைத்த மாதிரி இருக்கிறது என்று ஒரு நாள் பஸ் ஏறி வந்தார். மதுரைக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுத்து, நீர் எடுத்து, சதை எடுத்துப் பார்த்தார்கள். நுரையீரல் உறையில் வருகிற அதே நோய், கல்நார்ப் பொடியை வருஷக்கணக்காகச் சுவாசித்தவர்களைப் பிடிப்பது. தம்பி எதைப் படித்துக் கரை கண்டாரோ அது அண்ணன் நெஞ்சிலேயே இருந்தது.

ஆராய்ச்சியில் ஒரு ஆளைச் சேர்க்கும்போது சில கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். பீடி உண்டா, எந்த ஊர், என்ன தொழில் பார்த்தீர்கள். என் வீட்டுக்காரர் மற்ற எல்லாவற்றையும் கேட்டார். தொழிலுக்கு வந்ததும் பேனாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் எனக்கே உரிய பொறுமையின்மையோடு, கேட்டுத் தொலைங்களேன் என்றேன். கேட்டார். பெரியத்தான் சிரித்தார், சிரித்தால் இருமல் வரும், வந்தது. அது அடங்கிய பிறகு சொன்னார்: "ஏலே, உனக்குத் தெரியாதாக்கும். உன்னப் படிக்க வச்ச வேலதாம்ல. எழுதிக்கோ."

அடுத்த கவர்

அடுத்த ஞாயிறு பெரியத்தானும் அவர் சம்சாரம் பெரியக்காவும் வந்தார்கள். பெரியக்கா காலையிலேயே கோயிலுக்குப் போய்ப் பூக்கட்டிப் பார்த்துவிட்டு, வெள்ளை வந்ததென்று நெற்றி நிறைய குங்குமத்தோடு வந்திருந்தாள். மருந்து வேண்டாம் என்று அம்மனே சொல்லியாயிற்றாம். கவர் எல்லாம் டாக்டர் மனத்திருப்திக்குத்தானாம். டாக்டருக்கோ மருந்து வேண்டும். அந்தச் சிவப்பு மருந்தை அவர் ஒருவர்தான் அந்த வீட்டில் நம்பினார். அத்தனை வருஷமாக நம்பினார்.

நான் பீரோவைத் திறந்து, வரிசைப்படி இருந்த கவரை எடுத்தேன். அவர் பின்னாலேயே வந்து நின்றார். அடுத்ததையும் எடு என்றார். ரெண்டையும் பிரிச்சுப் பாப்போம், மருந்து இருக்கிறத அண்ணாச்சிக்கு வைப்போம், மத்தத ஒட்டி வச்சிரலாம், யாருக்குத் தெரியும் என்றார். நான் பீரோவைப் பூட்டினேன். அடுத்த கவர் அடுத்து வருகிறவனுடையது என்றேன். அவனுக்கும் ஒரு பெண்டாட்டி இருப்பாள், நாளைக்கு அவள் வீட்டு வாசலில் போய் ஆள் இருக்காரா என்று நிற்கப்போகிறவள் நான் என்றேன். என் வீட்டுக்காரர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்று கேட்டேன். உனக்கு மனசே கிடையாதா என்றார். "அதுக்குத்தான சாவிய எங்கிட்டக் கொடுத்திய," என்றேன்.

முன்னறைக்கும் பீரோ இருந்த அறைக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதான். இதற்குள் எங்களுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது, நோயாளிக்கு வாங்குவதுபோல. திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெரியத்தான் குரல் வந்தது. "ஏலே, அந்தப் பிள்ளைய வையாத. உள்ளத எடுத்துக் கொடுக்கச் சொல்லு. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

பிரியாணி

மருந்து இல்லை என்று வந்தது. பெரியக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். என் வீட்டுக்காரர் கொல்லைப்பக்கம் போய் நின்றவர் அவர்கள் பஸ் ஏறின பிறகும் உள்ளே வரவில்லை. சரி, அதோடு விட்டதா? மறு வாரம் வந்தான் ஒரு விசைத்தறிக்காரன், மூன்று பெண் பிள்ளைகளின் தகப்பன். அடுத்த கவரைப் பிரித்தால் மருந்து உண்டு. என் வீட்டுக்காரர் சீட்டைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அதன் பிறகு ரொம்ப காலத்துக்கு அவர் என்னிடம் பேசியது காப்பி, சாவி, ரயிலுக்கு நேரமாச்சு என்ற அளவில்தான். சகோதரிகளே, திட்டுகிற புருஷனோடு குடித்தனம் செய்துவிடலாம்.

பெரியத்தானுக்கு மாதா மாதம், பிறகு வாரா வாரம் நீர் எடுத்தார்கள். ஆள் கரைந்துகொண்டே போனார். ஆனால் முடி கொட்டவில்லை, வாய் வேகவில்லை. எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையிலிருந்து பிரியாணி வாங்கி வரச் சொல்லுவார். மூச்சுக்கு நடுநடுவே நிறுத்தி நிறுத்திச் சாப்பிடுவார். ஒரு கறித்துண்டை முடிக்க எவ்வளவு நேரமானாலும் முடித்துவிட்டுத்தான் கை கழுவுவார். நோயின் பெயரை அவரிடம் மட்டும் சொல்லவில்லை; நல்ல சளிக்கட்டு, நீர் வற்றினால் சரியாகிவிடும் என்பது நாங்கள் அவருக்குச் சொல்லி வைத்திருந்த கதை. கடைசியாக வந்த தடவை, தம்பி வெளியே போயிருந்த நேரம் பார்த்து என்னைக் கூப்பிட்டார். பம்பாயில் என்னோட குழாய் சுத்தினவனுவ நாலஞ்சு பேரு இப்படித்தாம்மா நீர் கோத்துப் போனானுவ என்றார். நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "எனக்குத் தெரியும்னு தம்பிக்குத் தெரியாம பாத்துக்கோ. அவன் தாங்க மாட்டான்."

கரிவலத்தில் வயலுக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்த ஒரு காலையில் அவர் போனார். தறிக்காரனும் அதே பருவத்தில் போனான், முடியில்லாமல், ஒரு வாய்க் கஞ்சி இறங்காமல். அவன் வாசலுக்கும் நான்தான் போனேன்.

ஒரு வித்தியாசமும் இல்லை

எங்கள் ஊரில் மட்டுமில்லை, இன்னும் சில ஊர்களிலும் இப்படிப் பெட்டிகள் இருந்தன. எல்லாம் காலியான பிறகு, யார் யார் எவ்வளவு காலம் இருந்தார்கள் என்று கூட்டிக் கழித்துப் பார்க்க அவர்களுக்கு வருஷங்கள் பிடித்தன. அதற்குள் என் வீட்டுக்காரருக்குத் தலை நரைத்து, கண்ணாடி கனமாகி, அவருக்குக் கீழே படித்தவர்கள் அவருக்கு மேலே போய்விட்டார்கள். எங்கள் பெட்டியிலிருந்து கவர் வாங்கியவர்களில் ஒருவரும் அப்போது உயிரோடு இல்லை. புருஷனைப் பறிகொடுத்த மாடத்தி மட்டும் எப்போதாவது சந்தைக்கு வரும்போது எட்டிப் பார்த்து, அம்மன் வெள்ளைதான போட்டா, நான்தான் நேர்த்திக்கடன சரியா முடிக்கல போலருக்கு என்று சொல்லிவிட்டுப் போவாள்.

முடிவு வந்த ஞாயிறன்று அவர் ரயிலிலிருந்து இறங்கி, கை கால் கழுவி, என் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பேசப் போகிறார் என்று தெரிந்தது. எவ்வளவோ காலம் கழித்து. சிவப்பு மருந்து வாங்கினவனும் வாங்காதவனும் ஒரே அளவுதான் இருந்திருக்கானுவ என்றார். ஒரு வித்தியாசமும் இல்லை என்றார். அவருடைய அத்தனை வருஷத்து உழைப்பின் சாரம் அது. மருந்து உதவாது என்று கண்டுபிடித்தவரைத் தோளில் தூக்கிக் கொண்டாட ஆளில்லை. ஆனால் மனுஷன் முகத்தைப் பார்த்தால் பெரிய பாரத்தை இறக்கி வைத்தவர் மாதிரி இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணையும் துடைத்தார். "அப்ப, மருந்து கிடைக்காததுல அண்ணாச்சிக்கு ஒரு நாளும் குறையல, இல்லியா?" என்று என்னைக் கேட்டார், நான்தான் ஆராய்ச்சி செய்ததைப்போல.

குறையல என்றேன். பிரியாணி சாப்பிட்டாவ என்றும் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் சொன்னார்: "நீ அன்னிக்கு ரெண்டாவது கவரக் கொடுத்திருந்தா, அந்தக் கறியும் அண்ணாச்சிக்கு இறங்கியிருக்காது."

புருஷனுடைய ஆராய்ச்சி தோற்றுப்போனதற்காக வெல்லமும் நெய்யும் கொட்டிச் சர்க்கரைப் பொங்கல் வைத்த பெண்டாட்டி இந்த நாட்டில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.